தாயின் மணம் தங்கும் முயல்குட்டி



சென்ற மாதம் பழைய பருத்திச் சேலைகளை அடுக்கிக் கோதடி தைக்கும் விதத்தைப் பார்த்தோம். தைத்து முடித்தபின் கைக்குட்டை அளவில் சில துண்டுகள் மீந்திருக்கும். அவற்றை எறிந்துவிடாதீர்கள். இம்மாதம் நாம் செய்யப்போகும் சிறு பொருளுக்கு அவையே உயிர். கைக்குழந்தைக்கு ஆறுதலாயிருக்கும் ஒரு பின்னல் முயல்குட்டியைப் பற்றி எழுதுகிறேன்.

இதை எழுதத் தூண்டிய காரியத்தை முதலில் சொல்லுகிறேன். தாராவியில் ஒரு வீட்டில் நடந்த சகோதரிகள் ஜெபக் கூடுகையில் ஓர் இளம் தாய் கண்ணீரோடு தன் ஜெபக் குறிப்பைச் சொன்னாள். அவள் ஆயத்த ஆடைப் பட்டறையொன்றில் சட்டைகளுக்குப் பட்டன் தைக்கிறவள். தைத்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. 2017-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தினால் பேறுகால விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது உண்மையே. ஆனால் பத்துக்குப் பத்து அறையில் நான்கு பேர் உட்கார்ந்து தைக்கும் பட்டறைக்கு அந்த விடுப்பு வந்து சேருவதில்லை. வீட்டு வேலை செய்கிற நம் சகோதரிகளுக்கும் அப்படியே. ஏழு மாதக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு அவள் வேலைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. “காலையில் நான் வாசல் தாண்டினதும் அழ ஆரம்பிக்கிறான், தொண்டை கட்டுகிற வரைக்கும் அழுகிறான், அத்தைக்கும் முழங்கால் வலி, தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை” என்றாள்.

நாங்கள் ஜெபித்தோம். ஜெபம் முடிந்தபின், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஐம்பது ஆண்டுகளுக்கு முன் மும்பை வந்த ஓர் ஆச்சி அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்: “ஏட்டி, நீ உடுத்தின சேலை ஒண்ணு பிள்ளை கிட்ட கிடக்கா?” இல்லை என்றாள். வேலைக்குச் செல்லத் தொடங்கியதும் அவள் சுடிதாருக்கு மாறியிருந்தாள். தூளிக்கும் கடையிலிருந்து புதிய துணி வாங்கிக் கட்டியிருந்தாள். “அதுதான் பிள்ளை தேடுது” என்றார் ஆச்சி.

அந்த ஒரு வார்த்தையில் பெரிய மருத்துவம் அடங்கியிருக்கிறது. நம் ஊர்களில் தாயின் பழஞ்சேலையிலேயே தூளி கட்டினார்கள். புதுச்சேலை வாங்க வகையில்லாததினால் மாத்திரம் அப்படிச் செய்யவில்லை. பலமுறை துவைத்து மென்மையான பருத்தி, அதில் படிந்துபோன தாயின் மணம், இவ்விரண்டுக்குள்ளும் குழந்தை சுருண்டு உறங்கிற்று.

இதை ஆய்வாளர்களும் கண்டிருக்கிறார்கள். எய்டன் மேக்ஃபார்லேன் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1975-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தாய் தன் மார்பில் அணிந்திருந்த துணிப்பட்டையைக் குழந்தையின் கன்னத்துக்கு ஒரு பக்கத்திலும், வேறொரு தாயின் பட்டையை மறுபக்கத்திலும் வைத்துப் பார்த்தார். பிறந்து ஆறே நாளான குழந்தைகள் தங்கள் தாயின் பட்டையிருந்த பக்கமாகவே அதிக நேரம் முகத்தைத் திருப்பின. கண் தெளிவாய்ப் பார்க்கப் பழகுமுன்னே மூக்கு தாயை அறிந்துகொள்கிறது.

டொனால்டு வின்னிகாட் என்பவர் லண்டனில் குழந்தை மருத்துவராகவும் மனநல மருத்துவராகவும் இருந்தவர். குழந்தைகள் ஒரு துணியையோ பொம்மையையோ விடாமல் பற்றிக்கொள்வதைப்பற்றி அவர் 1951-இல் ஒரு கட்டுரை வாசித்தார். தாய் அருகில் இருக்கும் நிலையிலிருந்து தாய் இல்லாமலும் சற்றுநேரம் இருக்கக் கற்கும் நிலைக்குக் குழந்தை கடந்து செல்ல அந்தப் பொருள் உதவுகிறது என்று அவர் விளக்கினார். அந்தப் பொருள் அழுக்காகி நாறினாலும் புத்தியுள்ள தாய் அதை அவசரப்பட்டுத் துவைக்கமாட்டாள், துவைத்தால் குழந்தை அறிந்த மணம் அறுந்துபோகும் என்றும் அவர் கவனித்திருந்தார். நம் ஆச்சி சொன்னதும் அதுவே.

ஆகவே ஆறுதல் தருவது பொம்மையின் அழகல்ல, விலையல்ல. கடையில் நூறு பொம்மைகள் தொங்கலாம். ஒன்றிலும் உங்கள் மணம் இல்லை. நாம் பின்னப்போகும் முயல்குட்டி, அந்தப் பழஞ்சேலைத் தூளியைக் கையில் பிடிக்கும் அளவுக்குச் சிறிதாக்கியது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

வேதத்திலும் இதற்கொத்த ஒரு தாயைக் காண்கிறோம். அன்னாள் தன் பிள்ளையாகிய சாமுவேலைச் சீலோவில் ஆசாரியனிடத்தில் விட்டுவிட்டு ராமாவிலே குடியிருந்தாள். ஆண்டுதோறும் பலியிட வரும்போதெல்லாம் அவனுக்கென்று ஒரு சிறிய சட்டையைத் தைத்துக் கொண்டுவந்தாள். தூரத்திலிருந்த பிள்ளையின் உடம்பைத் தொடும்படி அந்தத் தாய்க்கு இருந்த வழி அது ஒன்றே.

தேவையான பொருட்கள்

பேபி நூல் என்று கேட்டால் தையல் சாமான் கடைகளில் மென்மையான நூல் கிடைக்கும். ஐம்பது கிராம் தாராளமாய்ப் போதும். வர்தமான், ஓஸ்வால் முதலியவற்றின் அக்ரிலிக் நூல் விலை குறைவு, துவைக்கவும் எளிது. ஆனால் மும்பையின் புழுக்கத்துக்கும் குழந்தையின் வாய்க்கும் பருத்திப் பின்னல் நூலே மேலானது. வேர்வையை உறிஞ்சும், மணத்தையும் பிடித்துவைக்கும். ஆட்டு ரோமக் கம்பளி வேண்டாம். சில குழந்தைகளின் தோலில் அரிப்பு உண்டாக்கும். பிசிறுபிசிறாக முடி நீட்டிக்கொண்டிருக்கும் ஆடம்பர நூலும் வேண்டாம். அந்த இழைகள் குழந்தையின் வாய்க்குள் போகும்.

10-ஆம் எண் பின்னல் ஊசி ஒரு ஜோடி, அதாவது 3.25 மி.மீ. கனமுள்ளது. முனை மழுங்கிய பெரிய கண் உள்ள தையல் ஊசி ஒன்று. முகம் வரைய எம்பிராய்டரி நூல் சிறிது. உள்ளே திணிக்க பாலியெஸ்டர் பஞ்சு. இலவம் பஞ்சு தலையணைக்கு நல்லது, இதற்கு ஆகாது. நனைந்தால் கட்டிகட்டியாகி உள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். கடைசியாக, தாய் உடுத்திப் பழகிய பருத்திச் சேலையில் ஒரு சாண் சதுரமான துண்டுகள் இரண்டு.

செய்முறை

பின்னல் தெரியாதவர்கள் அஞ்ச வேண்டாம். இதற்கு ஒரே ஒரு கண்ணி வகை தெரிந்தால் போதும். இங்குள்ள இந்தி சகோதரிகள் ‘சீதா’ என்றும் ‘உல்ட்டா’ என்றும் இருவகை சொல்வார்கள் அல்லவா? நமக்கு ‘சீதா’ மட்டும் போதும்.

1. ஊசியில் 40 கண்ணிகள் ஏற்றிக்கொள்ளுங்கள். மிக இறுக்கமாக ஏற்றினால் அடுத்த வரிசையில் ஊசி நுழையாது.

2. இடக்கை ஊசியின் முதல் கண்ணிக்குள் வலக்கை ஊசியை முன்பக்கமிருந்து பின்பக்கமாக நுழைத்து, நூலை ஒரு சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றைக் கண்ணிக்குள் இழுத்து, பழைய கண்ணியை நழுவ விடுங்கள். இதுவே ‘சீதா’. எல்லா வரிசையையும் இப்படியே பின்ன வேண்டும். இரண்டு வரிசைக்கு ஒரு மேடு தெரியும். 40 மேடுகள் அதாவது 80 வரிசைகள் ஆனதும் ஏறக்குறைய ஒரு சதுரம் கிடைக்கும். ஒரு மூலையை எதிர்மூலையோடு சேர்த்து மடித்துப் பாருங்கள். ஓரங்கள் பொருந்தினால் சதுரம் சரி. குறைந்தால் இரண்டொரு வரிசை கூட்டுங்கள். பின்பு கண்ணிகளை முடித்துவிடுங்கள்.

3. சதுரத்தை மேசைமேல் விரித்து வையுங்கள். இரட்டை நூல் கோத்த ஊசியினால், இடது ஓரத்தின் நடுவிலிருந்து வலது ஓரத்தின் நடுவரைக்கும் நேராக ஓட்டுத்தையல் போடுங்கள். அங்கிருந்து சாய்வாக மேல் ஓரத்தின் மையத்துக்கு ஏறி, மறுபடியும் சாய்வாகத் தொடங்கின இடத்துக்கே இறங்குங்கள். இப்பொழுது மேற்பாதியில் ஒரு முக்கோணம் இருக்கும். தையலின் இரு முனை நூல்களும் ஒரே இடத்தில் நிற்கும். அவற்றை இன்னும் முடிச்சிட வேண்டாம்.

4. சேலைத்துண்டு ஒன்றின் நடுவில் பஞ்சை வைத்து, எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிய உருண்டையாக்கி, துணியின் ஓரங்களைச் சேர்த்துத் தைத்துவிடுங்கள். இதனால் பின்னலின் இடைவெளி வழியாகப் பஞ்சு வெளியே வராது. இந்த உருண்டையை முக்கோணத்தின் நடுவில் வைத்து நூலின் இரு முனைகளையும் மெதுவாக இழுங்கள். முக்கோணம் சுருங்கித் தலையாகும். மேலே மீந்த இரண்டு மூலைகளும் காதுகளாக எழுந்து நிற்கும். முதல் முறை இதைக் காண்கிற சகோதரிகள் சிரிக்காமல் இருப்பதில்லை. மூன்று முடிச்சுப் போட்டு, நூல் முனைகளை உள்ளே மறைத்துவிடுங்கள்.

5. கழுத்துக்குக் கீழே இரு பக்க ஓரங்களையும் முதுகுப்புறமாகச் சேர்த்து நெருக்கமாகத் தையுங்கள். இரண்டாவது சேலைத்துண்டில் சற்றுப் பெரிய உருண்டை செய்து உடலுக்குள் வையுங்கள். கீழ் ஓரத்தில் ஓட்டுத்தையல் போட்டுச் சுருக்கி இறுக முடியுங்கள்.

6. கண், மூக்கு, வாய் யாவும் எம்பிராய்டரி நூலினால் மட்டுமே. உறங்குகிற கண்களைப்போல வளைந்த கோடு இரண்டு போட்டால் போதும். முடிச்சுகள் வெளியே தெரியலாகாது.

உள்ளங்கையில் அடங்குகிற முயல்குட்டி தயாராகிவிட்டது. மொத்தம் 3,200 கண்ணிகள். பழகின கைக்கு நான்கைந்து மாலைகள் ஆகும். புதிதாகக் கற்கிறவர்கள் நாளொன்றுக்கு அரைமணி நேரம் ஒதுக்கினால் மூன்று வாரம் ஆகலாம். ஹார்பர் லைனில் செம்பூரிலிருந்து ரயிலேறும் சகோதரிகளுக்கு வீட்டில் தனி நேரமே வேண்டாம். பெண்கள் பெட்டியில் கீரை ஆய்கிறவர்கள், பூத்தொடுக்கிறவர்கள் நடுவில் பின்னலும் நடக்கட்டும். உட்கார இடம் கிடைத்தால் மாத்திரம் பின்னுங்கள். இறங்கும்போது ஊசி முனைகளில் கார்க் செருகிப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

பட்டன் வேண்டாம்

கண்ணுக்குப் பட்டன் வைத்தால் அழகாயிருக்குமே என்று உங்களில் பலர் நினைப்பீர்கள். நானும் அப்படி நினைத்தவள்தான். என் மகன் எட்டு மாதப் பிள்ளையாயிருக்கையில் என் கையால் அவனுக்கு ஒரு நாய்க்குட்டி பின்னினேன். கறுப்புப் பட்டன் இரண்டைக் கண்களாக இறுகத் தைத்தேன். ஒரு மாதத்துக்குப்பின் ஒரு மாலை நான் ஸ்டவ் அருகே நின்றேன். அவன் பின்னால் தரையில் பொம்மையோடு பேசிக்கொண்டிருந்தான். திடீரென்று அந்தச் சத்தம் நின்றுபோயிற்று. அமைதியாய் விளையாடுகிறான் என்றே எண்ணினேன். என் மாமியார் கூக்குரலிட்டபின்பே திரும்பிப் பார்த்தேன். உதடு நீலமாகியிருந்தது. அவர்கள் அவனைத் தங்கள் முன்கையில் குப்புறக் கிடத்தி, தலையைத் தாழ்த்தி, முதுகில் ஓங்கித் தட்டினார்கள். மூன்றாவது தட்டில் பட்டன் தரையில் விழுந்து உருண்டது. அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. நூல் அறுந்திருக்கவில்லை, என் பிள்ளையின் எச்சிலில் ஊறிய பின்னல்தான் இளகிப் பட்டனை விட்டிருந்தது.

ஆகவே பட்டன், மணி, கண்ணாடிக் கண், ரிப்பன், வாலுக்கு நூல் குஞ்சம் ஆகிய ஒன்றும் இந்த முயலுக்கு வேண்டாம். தூளியில் தொங்கவிடவென்று கயிறு கட்டுவதும் வேண்டாம். கயிறு கழுத்தில் சுற்றிக்கொள்ளும். வாரத்துக்கு ஒருமுறை எல்லாத் தையல்களையும் விரலால் பலமாக இழுத்துப் பாருங்கள். இளகியிருந்தால் சரிசெய்யும்வரை கொடாதிருங்கள்.

இதைப் படிக்கிற ஒவ்வொருவரும் என் மாமியார் செய்ததை அறிந்திருப்பது நல்லது. குழந்தை சத்தமாக இருமினால் இருமவிடுங்கள். இருமவோ அழவோ முடியாமல் திணறினால், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை தட்டுங்கள். வராவிட்டால் மல்லாத்தி, மார்பின் நடுவில் அதே அடிப்பாகத்தால் ஐந்து முறை அழுத்துங்கள். பொருள் வெளியே வரும்வரை இவ்விரண்டையும் மாறிமாறிச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரல் விடாதீர்கள். அது இன்னும் உள்ளே தள்ளும். அருகிலிருப்பவர் உடனே 108-ஐ அழைக்கட்டும்.

உறங்கும்போது வேண்டாம்

இது எல்லாவற்றிலும் முக்கியமான எச்சரிப்பு. ஒரு வயது நிறைவாகும்வரை குழந்தை உறங்கும் இடத்தில் தலையணை, தளர்ந்த போர்வை, மெத்தென்ற பொம்மை எதுவும் இருக்கலாகாது என்று குழந்தை மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். மூக்கின்மேல் விழுந்ததைத் தள்ளிவிடும் பலம் அந்தப் பிஞ்சுக் கைகளுக்கு இல்லை. தூளியிலோ துணி நாற்புறமும் குழந்தையை நெருக்கியிருக்கும்; முயல் சரிந்தால் முகத்தின்மேல்தான் வந்து விழும். ஆகவே முதல் ஆண்டில் இந்த முயல் விழித்திருக்கும் நேரத்துக்கு மட்டுமே, அதுவும் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கையில். மடியில் வைத்துத் தாலாட்டும்போது கையில் கொடுங்கள். கண் மூடியபின் எடுத்துவிடுங்கள். ஒரு வயது கடந்தபின் அது பிள்ளையோடே படுத்துறங்கலாம்.

மணம் ஏற்றும் விதம்

முடித்தவுடன் மென்சோப்பில் ஒருமுறை அலசி நன்றாய்க் காயவையுங்கள். பின்பு வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு மூன்று இரவுகள் முன்னதாகவே தாய் அதைத் தன் ஆடைக்குள் வைத்துக்கொண்டு உறங்கட்டும். பவுடரும் சென்டும் தெளிக்க வேண்டாம். பிள்ளை தேடுவது உங்கள் பாலும் வேர்வையும் கலந்த மணத்தையே.

தொடக்கத்திலேயே ஒரே நிறத்தில் இரண்டு முயல்கள் பின்னிவிடுங்கள் என்பது என் ஆலோசனை. ஒன்று பிள்ளையிடம் இருக்கையில் மற்றொன்று உங்களிடம் மணம் ஏறட்டும். துவைக்கவும் மாற்று இருக்கும். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் கட்டடத்தில் ஒரு பிள்ளை தன் பொம்மையை ரயிலில் தொலைத்துவிட்டு நான்கு இரவுகள் உறங்கவில்லை. அந்த நான்கு இரவுகளும் மாடி முழுவதும் உறங்கவில்லை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் நகரில் துணி காய்வது எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும். மழைக்காலத்தில் முயலைத் துவைத்தால், உலர்ந்த துண்டில் சுருட்டி அழுத்திப் பிழிந்து, மின்விசிறிக்கு நேர்கீழே இரண்டு நாள் வையுங்கள். மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தெரியும். கறுப்புப் புள்ளி தோன்றினால் அதை எறிந்துவிட்டுப் புதிதாய்ப் பின்னுங்கள்.

மருத்துவமனைக் குழந்தைகளுக்கு

குறைமாதக் குழந்தைகளுக்கு இப்படிப் பின்னிக் கொடுக்கலாமா என்று சில சகோதரிகள் கேட்கக்கூடும். 2013-இல் டென்மார்க்கு தேசத்தில், குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தைக்காக எட்டுக்கால் ஆக்டோபஸ் பொம்மை ஒன்றைக் குரோஷா ஊசியினால் பின்னினார்கள். அதன் கால்கள் தொப்புள்கொடியைப்போல இருப்பதால் குழந்தைகள் மருத்துவக் குழாய்களைப் பிடித்து இழுப்பதை விட்டு அதைப் பற்றிக்கொள்கின்றன என்று செய்தி பரவியது. அநேக நாடுகளில் பெண்கள் பின்னத் தொடங்கினார்கள். முழுப் பருத்தி நூல், இழுத்தாலும் 22 செ.மீ.க்கு மேல் நீளாத கால்கள், 60 டிகிரி வெந்நீரில் துவைக்கக்கூடியது என்று கடுமையான விதிகளும் வகுத்தார்கள். அன்பினால் செய்தார்கள், சந்தேகமில்லை. ஆயினும் அதனால் குழந்தைகளின் உடல்நிலை தேறுகிறது என்பதற்குப் போதிய மருத்துவச் சான்று இல்லை.

சான்று உள்ளது எதற்கென்றால் தாயின் மார்புக்குத்தான். குழந்தையின் தோல் தாயின் தோலோடு ஒட்டியிருக்கும்படி மார்பில் கட்டிவைக்கும் கங்காரு முறை 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் தொடங்கிற்று. இன்குபேட்டர்கள் போதாத ஒரு மருத்துவமனையில் வேறு வழியின்றிச் செய்தது அது. டெல்லி உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2021-இல் வெளியாயிற்று. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ள 3,211 குழந்தைகளைப் பார்த்தார்கள். பிறந்தவுடனேயே தாயின் மார்பில் சேர்க்கப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 12 பேர் முதல் 28 நாட்களுக்குள் இறந்தார்கள். உடல்நிலை சீரானபின் சேர்க்கப்பட்டவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு 15.7 பேர். வித்தியாசம் சிறிதென்று எண்ணாதீர்கள். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் ஒரு தொட்டில் இருக்கிறது.

நம் வாசலண்டையிலும் இப்படிப்பட்ட ஊழியம் நடந்திருக்கிறது. தாராவிப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் பிறந்த சயான் மருத்துவமனையில், அதாவது லோகமான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனையில், டாக்டர் அர்மீதா பெர்னாண்டஸ் அம்மையார் 1989-இல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார்கள். ஆசியாவிலேயே முதலாவது அதுவே. தாய் பால் கொடுக்க இயலாத குறைமாதக் குழந்தைக்கு வேறொரு தாயின் பால் அங்கே கிடைத்தது.

ஆகவே வார்டுக்குப் பொம்மைகளைக் கொண்டுபோய் நிற்க வேண்டாம். அங்கே கிருமி பெரிய பயம். உங்களுக்குப் பின்ன வாஞ்சை இருந்தால், கங்காரு முறையில் இருக்கும் குழந்தைகளுக்குத் தலைக்குல்லாவும் காலுறையும் தேவைப்படும். பொறுப்பிலுள்ள நர்ஸம்மாவிடம் முதலில் கேளுங்கள். என்ன நூல், என்ன அளவு, எப்படித் துவைத்துத் தர வேண்டும் என்று அவர்கள் சொல்லுகிறபடியே செய்யுங்கள். குறைமாதக் குழந்தையோடு வீடு திரும்பிய தாய் உங்கள் சபையில் இருந்தால் அவளுக்குச் செய்யும் நல்ல உதவி வேறொன்று: அவள் குழந்தையை மார்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்படி அவள் வீட்டுப் பாத்திரங்களை நீங்கள் தேய்த்துக் கொடுங்கள்.

நம் தாய்மார் கொண்டுவந்த கை

பின்னல் வேலை நமக்கு அந்நியமல்ல. 1820-களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் தம்மிடம் படித்த பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார்கள். அவர்களுடைய மகள் எலைசா, 1844-இல் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்குச் சென்று அங்கேயும் அதைப் பரப்பினார்கள். பனையேறியின் மகளும் கூலிக்காரியின் மகளும் தங்கள் கையினால் நான்கு காசு சம்பாதித்தது அந்த நூலினாலே. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் வந்து குடியேறிய நம் குடும்பங்களில் சில பாட்டிமார் இன்றும் கண் பாராமலே நூலைச் சுற்றுவார்கள். அவர்களிடத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். கேட்க ஆளில்லாமல் அந்தக் கைகள் சும்மா இருக்கின்றன.

அந்த இளம் தாயின் காரியத்தை முடிக்காமல் விடக்கூடாது. ஆச்சி தம்மிடமிருந்த நூலிலேயே இரண்டு முயல்கள் பின்னினார். முகத்தை அவளையே தைக்கச் சொன்னார். “நாள் முழுக்கப் பட்டன் தைக்கிறேன்; என் பிள்ளை முயலுக்குப் பட்டன் வேண்டாமா?” என்று அவள் சிரித்தபோது நான் என் கதையைச் சொன்னேன். முதல் வாரம் பிள்ளை முயலை எறிந்துவிட்டு முன்போலவே அழுதான். அழுகை மாயமாய் நின்றுவிட்டதென்று சொன்னால் அது பொய்யாகும். இரண்டாம் வாரம் மாமியார் தாமாகவே மருமகளின் பழஞ்சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு, முயலைப் பிள்ளையின் கையில் கொடுத்து உட்கார்ந்த இடத்திலேயே ஆட்டினார். மூன்றாம் வாரத்தில் அழுகை அரைமணி நேரமாகக் குறைந்தது. தாய் மாலையில் வீடு திரும்பினால், முதலில் அவன் முகத்தை அவள் தோளில் புதைப்பானாம்; பின்பு முயலையும் அவள் தோளில் வைப்பானாம்.

இன்று அவனுக்கு இரண்டு வயது கடந்துவிட்டது. முயலின் ஒரு காதை உறிஞ்சி உறிஞ்சி நூல் தேய்ந்துவிட்டது. சென்ற வாரம் கூடுகைக்கு அவனைக் கொண்டுவந்தாள். அந்தக் காதைத் தன் கையாலேயே பின்னிச் சரிசெய்திருந்தாள். பின்னக் கற்றுக்கொண்டுவிட்டாள். பக்கத்து வீட்டில் வேலைக்குத் திரும்பவிருக்கும் ஒரு மராத்திப் பெண்ணின் குழந்தைக்காக இப்பொழுது 40 கண்ணிகள் ஏற்றியிருக்கிறாள்.

பிரியமான சகோதரிகளே, காலையில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தாயை நம்மில் சிலர் குறைகூறுகிறோம். அவள் வாடகைக்காகவும் பாலுக்காகவும் போகிறாள். அவளுக்குப் புத்தி சொல்லுவதற்குமுன் ஒரு சதுரம் பின்னிக் கொடுப்போம். கர்த்தர் நம் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக.

அடுத்த மாதம் மீந்த நூலில் குழந்தைகளுக்குக் குல்லா பின்னும் விதத்தைப் பார்ப்போம்.